ஒரே படகில் இரண்டு சம்பந்திகள்

மீன் பிடிக்க வருகிறவர்களுக்கு மீனைத் தவிர மற்ற எல்லாவற்றைப் பற்றியும் கவலை. தூண்டில் கோல் என்ன நிறம், ரீல் மின்னுமா, பக்கத்து வீட்டுக்காரர் வாங்கியதைவிட இது உசத்தியா. தூண்டில் சாமான் கடையில் ஒன்பது வருஷமாக நிற்கிறேன். டிரவுட் மீன் பிடிக்கப் போவது ஏரிக்கா, ஓடைக்கா என்று கேட்டால், "தண்ணிக்குத்தாங்க" என்று பதில் சொன்னவர்களையும் பார்த்திருக்கிறேன். பல்லைக் கடித்துக்கொண்டே சிரிப்பது எனக்குக் கைவந்த கலை. வாடிக்கையாளர் எப்படியும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். என் அம்மாவும் என் மாமியாரும் எங்கே போவார்கள்?

மாமியார் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். விசில்தான் ஓய்வு பெற்றது, குரல் இன்னும் வேலையில் இருக்கிறது. அம்மா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவள். அதிகம் பேச மாட்டாள். ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு யார் என்ன முணுமுணுத்தாலும் அவள் காதில் விழுந்துவிடும். இருவருக்கும் கணவர் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. இருவருக்கும் என்மேல் உயிர். ஒருவரையொருவர் கண்டால் மட்டும் ஆகாது.

சண்டைக்குக் காரணம் ஒரு உப்பு டப்பா. நாங்கள் இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று அம்மா வந்து சமையலறையை அடுக்கிக் கொடுத்தாள். உப்பு டப்பா அடுப்புக்கு வலது பக்கம். மறுநாள் எங்களோடு தங்க வந்த மாமியார் எல்லாவற்றையும் இறக்கி, துடைத்து, திரும்ப அடுக்கினார். உப்பு டப்பா இடது பக்கம். அன்றிலிருந்து இருவரும் நேரடியாகப் பேசிக்கொள்வதில்லை. "உங்கம்மாகிட்ட சொல்லு" என்பார் இவர். "உன் அத்தைகிட்ட கேளு" என்பாள் அவள். இரண்டு பேரும் ஒரே சோபாவில் உட்கார்ந்திருக்கும்போதுகூட அப்படித்தான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது எனக்காகச் சொன்ன பழமொழி.

இதையெல்லாம் சகித்துக்கொள்ளலாம். ஆனால் இந்த வருஷம் அம்மா மாடிப்படியில் விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். கட்டுப் பிரித்த பிறகும் கையில் பிடிமானம் முழுதாக வரவில்லை. அவள் இருக்கும் வாடகை வீட்டை வீட்டுக்காரர் மகனுக்காகக் காலி செய்யச் சொல்லிவிட்டார். கடல் தாண்டி இருக்கும் என் தம்பி வழக்கம்போல அறிவுரை மட்டும் அனுப்பினான். வயதானவர்களுக்கான நல்ல இல்லம் ஒன்று இருக்கிறதாம், படம் பார்த்தானாம், தோட்டமெல்லாம் இருக்கிறதாம். போனை வைத்த பிறகு நான் அழுதேன். அம்மா என் வீட்டுக்குத்தான் வர வேண்டும். அதற்கு இரண்டு பேர் மனசு வைக்க வேண்டும்.

மாமியாரிடம் கேட்டேன். "வரட்டும். எனக்கென்ன, வீடு உங்களுது" என்றார். அந்தக் கடைசி வார்த்தையில் ஒரு ஆணி இருந்தது. அம்மாவிடம் கேட்டேன். பெண் கொடுத்த வீட்டில் ஒரு வேளை கை நனைக்கலாம், பாய் விரிக்கக் கூடாது என்றாள். அதற்கு அந்த இல்லமே தேவலை, அங்கே உப்பு டப்பா எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்க மாட்டார்கள் என்றும் சொன்னாள். என் வீட்டுக்காரரிடம் நியாயம் கேட்டேன். அவர் கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். ரெண்டு பேருமே பெரியவங்க, நீ பார்த்து முடிவு பண்ணு என்று சொல்லிவிட்டுக் கார் கழுவப் போய்விட்டார்.

அப்போதுதான் கடையில் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. வருஷத்துக்கு ஒரு முறை, தூண்டிலைத் தொட்டே பார்க்காத பெண்களை ஏரிக்கு அழைத்துப்போய்க் கற்றுக்கொடுப்போம். ஒரு படகுக்கு இரண்டு பேர். கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் கம்பத்தில் கட்டிவைத்த படகு, அரை நாள், எழுந்து போக வழியில்லை. பேசித்தான் ஆக வேண்டும். வேறு யோசனை எனக்கு வரவில்லை. இரண்டு பேர் பெயரையும் ஒரே படகுக்குக் கொடுத்துவிட்டேன்.

இருவரும் ஒப்புக்கொண்டதற்கு ஒரே காரணம், மற்றவர் ஒப்புக்கொண்டதுதான்.

சாமான் தேர்ந்தெடுக்கும் படலம் ஆரம்பித்தது. மாமியார் கடைக்கே வந்துவிட்டார். இருப்பதிலேயே நீளமான கோலைக் காட்டு என்றார். காட்டினேன். இன்னும் நீளமாக இல்லையா என்றார். கூரையில் இடிக்கும் அத்தை என்றேன். வாங்க வந்த இரண்டு பேரை நிறுத்தி, அவர்களுடைய தோள் சாய்ந்திருக்கிறது என்று திருத்தினார். பெட்டியில் இருந்த ஃப்ளை என்கிற பொய்ப்பூச்சிகளில் எது நிஜப் பூச்சி மாதிரி இல்லையோ அதைத் தனியாக எடுத்து வைத்தார். கடைசியில், அக்கறையே இல்லாத மாதிரி ரீலைச் சுற்றிக்கொண்டே கேட்டார்: "உங்கம்மாவுக்கு என்ன எடுத்து வச்சிருக்க?"

அம்மா கடைக்கு வரவில்லை. போனில், எனக்கு எதுக்கும்மா, ஏதோ ஒண்ணு குடு, மூங்கில் குச்சி இருந்தாக்கூடப் போதும் என்றாள். நான் போனை வைக்கப்போகும் நேரத்தில், தற்செயலாக ஞாபகம் வந்தது போல, "சம்பந்திக்கு என்ன குடுத்த?" என்றாள்.

நான் யோசித்துத்தான் எடுத்தேன். மாமியாருக்குத் தோள் பலம் இருக்கிறது. பத்து அடிக் கோல், ஏழாம் நம்பர், தண்ணீரில் மெதுவாக அமிழும் லைன், அதாவது தூண்டில் நூல். அம்மாவுக்கு மணிக்கட்டு நோகக் கூடாது. ஒன்பது அடிக் கோல், ஐந்தாம் நம்பர், மிதக்கிற லைன். அவளுடைய ரீல் எடை குறைவாக இருக்க வேண்டும் என்று தேடியதில் கிடைத்தது பளபளவென்று வெள்ளி மாதிரி இருந்தது. மாமியாருடையது கறுப்பு. அந்த நிறத்தில்தான் வினையே இருந்தது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. கலந்துவிடக் கூடாதென்று மாமியாரின் கோலிலும் ரீலிலும் மஞ்சள் நாடா ஒட்டினேன். அம்மாவுடையதில் பச்சை.

சனிக்கிழமை சாயங்காலம் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்து தங்கினாள். சாப்பாட்டு மேஜையில் எல்லாவற்றையும் பரப்பி வைத்துப் பாடம் நடத்தினேன். இந்தத் தூண்டிலில் முள்ளுக்குக் கனமே கிடையாது. இறகையும் நூலையும் கட்டிப் பூச்சி மாதிரி செய்த சின்ன முள், அதற்குத்தான் ஃப்ளை என்று பெயர். ஊதினால் பறந்துவிடும். அதைத் தூரத்துக்குக் கொண்டுபோவது ரீலில் சுற்றியிருக்கிற லைனின் கனம்தான். அந்தக் கனத்துக்குத்தான் நம்பர். அதனால் கோலின் நம்பரும் லைனின் நம்பரும் ஒன்றாக இருக்க வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் ஜோடியைப் பிரிக்காதீர்கள் என்று சொன்னேன். இருவரும் தலையாட்டினார்கள். மாமியார் வெள்ளி ரீலைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். அம்மா பத்து அடிக் கோலைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினாள். எனக்குக் கண் இருந்தும் நான் பார்க்கவில்லை.

ஞாயிறு காலை ஏரி அசையாமல் கிடந்தது. காற்றே இல்லை. முதலாளி எல்லாரையும் கரையில் நிற்கவைத்து ஒரு சின்னப் பேச்சுப் பேசினார். கோபக்காரர், யாரையும் லேசில் பாராட்ட மாட்டார். அன்றைக்கு என்னவோ என்னைக் காட்டி, "இவங்க கண்ணைக் கட்டிக்கிட்டு எடுத்துக் குடுத்தாலும் கோலும் லைனும் ஜோடி தப்பாது. தைரியமா வீசுங்க" என்றார். எனக்குக் காது வரை சூடாகிவிட்டது. மாமியார் பக்கத்தில் இருந்த பெண்ணிடம், எங்க வீட்டு மருமக என்றார். அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். அது அவள் பெருமைப்படும் விதம்.

மற்றப் பெண்களுக்கு முடிச்சுப் போட்டுக் கொடுக்கவே எனக்குக் கை போதவில்லை. ஒருத்திக்கு ஃப்ளை சட்டையில் மாட்டிக்கொண்டது, ஒருத்திக்குப் படகைக் கண்டாலே தலை சுற்றியது. எங்கள் வீட்டு இரண்டு பேரும் தாங்களே மாட்டிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். படகு கம்பத்தை அடைந்து, மாமியார் துடுப்பை உள்ளே வைத்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன். அம்மாவின் கையில் ஒரு நீளமான கோல். அடியில் மஞ்சள் நாடா. அதில் கறுப்பு ரீல். மாமியார் கையில் சின்னக் கோல், வெள்ளி ரீல், பச்சை நாடா.

எனக்கு வந்த கோபத்தில் ஏரியில் இறங்கி நடந்தே போயிருப்பேன். ஆனால் கையில் இன்னொருத்தியின் நூல் சிக்கிக் கிடந்தது.

மாமியார் எழுந்து நின்றுகொண்டு வீசினார். படகில் எழுந்து நிற்கக் கூடாது என்று தலைபாடாக அடித்துக்கொண்டிருந்தேன். ஈட்டி எறிகிற பலத்தோடு அந்த ஐந்தாம் நம்பர்க் கோலைச் சுழற்றினார். மெல்லிய கோல் பாவம், வளைந்து கும்பிட்டது. லைன் முன்னால் போகாமல் அவர் தலைமேலேயே சுருண்டு விழுந்தது. இன்னும் பலமாக வீசினார். இன்னும் மோசமாக விழுந்தது. அந்தப் பக்கம் அம்மா பத்து அடிக் கோலை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினாள். கோல் பாதிதான் மேலே போனது. மணிக்கட்டு வலிப்பது கரையிலிருந்தே தெரிந்தது, தோளைக் காதுவரை தூக்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய லைன் அமிழ்ந்து அடியில் இருந்த பாசியில் மாட்டிக்கொண்டது. எனக்குக் கோபமெல்லாம் போய்விட்டது. அந்தக் கையோடு ஏனம்மா இந்த வீம்பு?

மூன்றாவது வீச்சில் மாமியாரின் ஃப்ளை அம்மாவின் மிதவைச் சட்டையில், தோளுக்குப் பின்னால் போய் மாட்டியது. முடிந்தது கதை என்று நினைத்தேன். நாளைக்கே தம்பிக்குப் போன் போட்டு, அந்த இல்லத்தின் விலாசம் கேட்க வேண்டியதுதான்.

ஆனால் மாமியார் கோலைக் கீழே வைத்துவிட்டு அம்மாவின் பின்னால் போய் உட்கார்ந்தார். முள்ளை எடுக்க ஆரம்பித்தார். காற்றில்லாத ஏரியில் தண்ணீர்மேல் பேச்சு எவ்வளவு தூரம் போகும் என்பது எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த என் அம்மாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அன்றைக்கு மறந்துவிட்டாள்.

"சம்பந்தி, அசையாதீங்க. கையை ஏன் அப்படித் தூக்கிட்டே இருக்கீங்க? வலிக்குதா?"

எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு மாமியார் அம்மாவிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி அது. அம்மா இல்லை என்றாள். மாமியார், பொய் சொல்லாதீங்க, நான் எத்தனை பிள்ளைங்க கையைப் பார்த்திருக்கேன் என்றார். பிறகு மாமியாரே தொண்டையைச் செருமினார்.

"நான் ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்காதீங்க. நேத்து சாயங்காலம் ரீலை மாத்தினது நான்தான். உங்களுக்கு மட்டும் உங்க பொண்ணு நல்லதாக் குடுத்துட்டான்னு ஒரு ஆத்திரம். ஆனா நான் ரீலை மட்டுந்தான் மாத்தினேன். இந்தக் கோல் எப்படி என் கைக்கு வந்துச்சுன்னு தெரியல."

நான் கரையில், சிக்கெடுக்க வேண்டிய நூலைப் பிடித்தபடி மூச்சுவிடாமல் நின்றேன்.

"கோல் நான்" என்றாள் அம்மா. "காலைல கார்ல ஏத்தறப்ப மாத்திட்டேன். சின்னதாக் குடுத்தாளா, என்னை நோயாளின்னு முடிவு பண்ணிட்டான்னு நினைச்சேன். எல்லாரும் அப்படித்தான் பாக்கறாங்க."

ஒருத்தி மாலையில் ரீலைத் திருடியிருக்கிறாள், ஒருத்தி காலையில் கோலைத் திருடியிருக்கிறாள். இரண்டு திருட்டும் சேர்ந்து, ஜோடி கலையாமல் முழு சாமானும் இடம் மாறிவிட்டது. ஒருத்தி மட்டும் திருடியிருந்தால் இரண்டு பேருமே ஒரு முழம்கூட வீசியிருக்க முடியாது. இதை என்னவென்று சொல்வது, திருட்டிலும் ஒரு பொருத்தம்.

முதலில் மாமியார்தான் சிரித்தார். பள்ளிக்கூட மைதானத்தைத் தாண்டிக் கேட்கிற சிரிப்பு. அப்புறம் அம்மா. அம்மா அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை, விழுந்த பிறகு புன்னகைகூட அரிதாகிவிட்டது. படகு ஆடியது. அம்மா சிரிப்புக்கு நடுவில், நோயாளியா பாக்கறதா இருந்தா சொல்லிடுங்க சம்பந்தி, நான் வேற இடம் பாத்துக்கறேன் என்றாள். மாமியார் சட்டென்று நிறுத்திவிட்டு, உங்களைப் பாத்தா எனக்கு நோயாளி மாதிரி தெரியல, திருடி மாதிரிதான் தெரியுது என்றார். மறுபடியும் சிரித்தார்கள். பிறகு தலையைச் சேர்த்துவைத்துக்கொண்டு ஏதோ பேசினார்கள். அது மட்டும் எனக்குக் கேட்கவில்லை.

கோலை மாற்றிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு வீசியது பார்க்கும்படி இருந்தது. அம்மாவின் மிதக்கும் லைன் சின்னதாக, நேராகப் போய் விழுந்தது. வெயில் ஏறும் நேரத்தில் அவளுக்கு ஒரு டிரவுட் மாட்டியது. மாமியார் வலையைப் போட்டார். மீன் வலைக்குள் வந்துவிட்டது. இருவரும் அதன் அழகைப் பார்த்துக்கொண்டே இருந்ததில், அது ஒரு துள்ளுத் துள்ளித் தண்ணீருக்குப் போய்விட்டது.

படகு கரைக்கு வந்தது. முதலாளியும் மற்றப் பெண்களும் சூழ்ந்துகொண்டு எப்படி இருந்தது என்று கேட்டார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். இரண்டு பேரும் என்னிடம் ஒப்புக்கொள்ளப் போகிறார்கள், நான் பெருந்தன்மையாக மன்னிக்கப் போகிறேன் என்று தயாராக இருந்தேன். அப்படித்தானே முறை?

மாமியார் இறங்கி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, ஏரிக்கே கேட்கும்படி சொன்னார்: "எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா இவ சாமானை மாத்திக் குடுத்துட்டா. எனக்குக் குடுக்க வேண்டியதை அவங்களுக்கு, அவங்களுக்குக் குடுக்க வேண்டியதை எனக்கு. பாதி நேரம் அதுலயே போச்சு. நாங்களே கண்டுபிடிச்சு மாத்திக்கிட்டோம்."

நான் அம்மாவைப் பார்த்தேன். பெற்றவள், எப்படியும் உண்மையைச் சொல்வாள். அம்மா மிதவைச் சட்டையின் கொக்கியைக் கழற்றிக்கொண்டே, "ஆமா. மாத்திதான் குடுத்துட்டா" என்றாள். "வலையிலயும் ஓட்டை பெருசு. மீன் போயிடுச்சு."

பெண்கள் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. காலையில் அத்தனை பேர் முன்னால் என்னைப் பற்றிச் சொன்ன வார்த்தை அவர் முகத்தில் திரும்பி வந்து நின்றது. நீயா மாத்திக் குடுத்தே என்று கேட்டார். ஒன்பது வருஷத்தில் ஒரு நாள்கூட நான் ஆளுக்குப் பொருந்தாத கோலைக் கொடுத்ததில்லை. சாட்சி அங்கேயே இருந்தது. மஞ்சள் நாடா ஒட்டிய கோல் மாமியார் கையில், பச்சை நாடா ஒட்டியது அம்மா கையில். நாடாவில் பெயரும் எழுதி வைத்திருந்தேன். கொஞ்சம் திருப்பிக் காட்டினால் போதும், இந்த இரண்டு பேருடைய வண்டவாளமும் தண்டவாளம் ஏறிவிடும்.

அவர்கள் இருவரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். தோளோடு தோள் இடித்துக்கொண்டு. இத்தனை வருஷத்தில் அவர்களை அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததே இல்லை.

"ஆமாங்க" என்றேன் முதலாளியிடம். "அவசரத்துல மாத்திட்டேன். என் தப்புதான்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு போனார். நான் இரண்டு கோல்களையும் வாங்கி, பிரித்துப் பையில் போடுகிற சாக்கில் நான்கு நாடாக்களையும் உரித்துப் பைக்குள் திணித்துக்கொண்டேன். ஆத்திரத்தில் நகம் ஒன்று மடங்கிவிட்டது.

காரில் இருவரும் பின்சீட்டில் ஏறிக்கொண்டார்கள். வரும்போது ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால். மாமியார் அம்மாவிடம் எங்கள் பின்னறையைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். அறை சின்னது இல்லையாம். இவளுடைய கோலும் இறகும் டப்பாவும் தட்டுமுட்டுச் சாமானும் அடைத்துக்கொண்டு இருப்பதால்தான் அப்படித் தெரிகிறதாம். அதையெல்லாம் வெளியே எடுத்தால் கட்டில், அலமாரி எல்லாம் தாராளமாகப் போடலாமாம். நான் வருஷக்கணக்காகச் சேர்த்த சாமான், எங்கே எது இருக்கிறது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். நான் பொறுக்க முடியாமல், எதை எடுக்கலாம் எதை வைக்கலாம் என்று நானே பார்த்துச் சொல்கிறேன் அத்தை என்றேன்.

"நீ ஒண்ணும் தேர்ந்தெடுக்க வேணாம்மா" என்றார் அவர். "நீ தேர்ந்தெடுத்த லட்சணம்தான் இன்னிக்குப் பாத்தோமே. நாங்க ரெண்டு பேரும் பாத்துக்கறோம்."

கண்ணாடியில் அம்மாவைப் பார்த்தேன். அவளும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த நாடாவெல்லாம் எங்கடி?" என்றாள்.

"எந்த நாடா?"

அம்மா உடைந்த கையை இன்னொரு கையால் தடவிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது என்று எனக்கு விளங்கியது. இப்போதாவது சொல்வாள், இந்தக் காருக்குள்ளேயாவது சொல்வாள் என்று காத்திருந்தேன்.

"அவ சின்னதுலேர்ந்தே இப்படித்தான் சம்பந்தி" என்றாள் மாமியார் பக்கம் திரும்பி. "ஒரு பொருளை வச்ச இடத்துல வைக்கமாட்டா. நாமதான் பக்கத்துல இருந்து பாத்துக்கணும்."

எனக்கு வந்த எரிச்சலில் காரை ஓரம் கட்டிவிட்டு இரண்டு பேரையும் இறக்கிவிடலாம் போல இருந்தது. கண்ணில் தண்ணீர் வேறு வந்து தொலைத்தது, சாலை சரியாகத் தெரியவில்லை. பின்னால் அவர்கள் உப்பு டப்பாவை எந்தப் பக்கம் வைப்பது என்று பேச ஆரம்பித்திருந்தார்கள். நான் வாயைத் திறக்காமல் வண்டியை ஓட்டினேன்.